கருணை ஆணையத்தின் முன் ஒரு தோள்பட்டை

கருணையை வெறும் மனத்தில் வைத்துக்கொண்டு காலம் தள்ளும் நாடுகள் உண்டு. அவை பின்தங்கிய நாடுகள். முன்னேறிய நாடு கருணைக்குக் கட்டடம் கட்டுகிறது, பலகை மாட்டுகிறது, காலையில் பத்து மணிக்குத் திறந்து மாலையில் ஐந்து மணிக்குப் பூட்டுகிறது. அந்த வகையில் 'தடுப்பூசிப் பாதிப்பு ஆய்வு மற்றும் இழப்பீட்டுக் கருணை ஆணையம்' மனித நாகரிகத்தின் உச்சி என்றே சொல்ல வேண்டும். உச்சி என்று சும்மா சொல்லவில்லை. ஆணையம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வேலை செய்வதில்லை.

இதை வைத்து ஆணையத்தைக் குறை சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். காலில் பாதிப்பு என்று மனுப் போட்டவர் மூன்று மாடி ஏறி வந்துவிட்டால் அவர் கால் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஏறி வராவிட்டால் விசாரணைக்கு ஆஜராகவில்லை என்று பொருள். டாக்டர் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம், எல்லாவற்றையும் படிக்கட்டே பார்த்துக்கொள்கிறது. இத்தகைய நுட்பமான ஏற்பாடுகளால், தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரே ஒரு குடிமகனுக்குக்கூடப் பாதிப்பு ஏற்பட்டதாக ஆணையம் கண்டறிந்ததில்லை. மக்கள் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அப்பழுக்கில்லாத இந்தப் பெருமையில் கீறல் போடப் பார்த்தவர்தான் ஏணி.

ஏணி ஒரு பெயின்டர். பிறந்தபோது வேறு பேர் வைத்திருப்பார்கள், அது அவருக்கே மறந்துபோயிருக்கலாம். மற்ற பெயின்டர்கள் ஏணி போட்டு அடிக்கும் சீலிங்கை இவர் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு அடித்துவிடுவார். அவ்வளவு உயரம். அவ்வளவு நீளமான கை. கீழே ஒரு சொட்டு விழாது. வீட்டுக்காரர்கள் சோபாவை நகர்த்தாமல் அதிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கலாம். சுவர் அடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும் சீலிங் என்றால் ஏணியைத்தான் கூப்பிடுவார்கள்.

தடுப்பூசி முகாம் என்று அறிவித்ததும் முதல் ஆளாக வரிசையில் போய் நின்றவரும் அவரே. மைத்துனன் தடுத்தான். அவன் செல்போனில் படித்தே பெரிய மருத்துவ மேதை ஆனவன். "மாமா, போடாதீங்க, அதுல என்னென்னவோ கலக்கறாங்களாம்" என்றான். "பெயின்டுலயும்தான் என்னென்னவோ கலக்கறோம், சுவர் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஏணி கிளம்பிவிட்டார்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அங்கே நர்ஸ் இருந்தார், அதிகாரி இருந்தார், மிக முக்கியமாக, சுகாதாரத் துறையின் போட்டோகிராபர் இருந்தார். விழிப்புணர்வு என்பது ஊசியால் வருவதல்ல, போஸ்டரால் வருவது என்பதைத் துறை எப்போதோ உணர்ந்திருந்தது. போட்டோகிராபர் வரிசையை ஒரு நோட்டம் விட்டார். எல்லோரும் பரீட்சை எழுதப் போகிறவர்கள்போல் நிற்க, ஏணி மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்கதான். முன்னால வாங்க."

வழக்கமாக இடது கையில்தான் போடுவார்கள். ஆனால் வலது பக்கம்தான் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. எனவே வலது கை. சட்டைக் கை இறுக்கமாக இருந்து மேலே ஏறவில்லை. எனவே மேல் பொத்தான்களைக் கழற்றிச் சட்டையைத் தோளிலிருந்து இறக்கினார்கள். நர்ஸ் பஞ்சால் துடைத்து, சரியான இடத்தில் ஊசியை வைத்தார்.

"சிஸ்டர், ஊசி படத்துக்குள்ள வரல" என்றார் போட்டோகிராபர். "இவரு உயரத்துக்கு முகம் ஒரு ஊர்ல இருக்கு, ஊசி ஒரு ஊர்ல இருக்கு. கொஞ்சம் மேல போங்க."

"மேல போனா மூட்டு வருமே சார்."

"முகமும் ஊசியும் ஒண்ணா இருக்கணும்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க சிஸ்டர்."

நர்ஸ் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். அலுவலக வழக்கப்படி அதற்குப் பெயர் சம்மதம்.

"இன்னும் மேல... இன்னும் கொஞ்சம்... அண்ணே, சிரிங்க... ஆங், அப்படியே!"

சிரிப்பு கேமராவுக்குள் போன அதே நொடியில் ஊசி மூட்டுக்குள் போனது.

படம் பிரமாதமாக வந்திருந்தது. பஸ் நிறுத்தம், தபால் நிலையம், ரேஷன் கடை, ஒரு சுவர் விடாமல் ஏணி சிரித்தார். 'சின்ன ஊசி, பெரிய சிரிப்பு!' என்று கீழே கொட்டை எழுத்து. அந்தப் போஸ்டர்கள் ஒட்டிக் காய்வதற்குள் அசல் ஏணிக்கு வலது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. தலை வாரிவிடுவதும் சட்டை மாட்டிவிடுவதும் மனைவியின் வேலை ஆயின.

எலும்பு டாக்டர் கையை மெல்ல அசைத்துப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். பிறகு ஏணியின் மனைவி சுருட்டி எடுத்து வந்திருந்த போஸ்டரை விரித்துப் பார்த்தார். அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"மருந்துல ஒரு குத்தமும் இல்ல. போட்ட இடம்தான் தப்பு. சதையில போக வேண்டியது மூட்டுக்குள்ள போயிருக்கு. எங்கயோ ஒருத்தருக்கு நடக்கறது, உங்களுக்கு நடந்திருக்கு."

"சரியாயிடுமா டாக்டர்?" என்றார் மனைவி.

"சிகிச்சை இருக்கும்மா. ஆனா உடனே பண்ணணும். இந்த வருஷம் தாண்டிட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் இந்தக் கை இவ்வளவுதான்."

செலவு எவ்வளவு என்று கேட்டதும் டாக்டர் தொண்டையைச் செருமினார். சொல்லாமலேயே இருவருக்கும் புரிந்தது. "ஒரு வழி இருக்கு. ஆணையம் 'ஆமா, இது ஊசியால வந்த பாதிப்புதான்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, எங்க ஆஸ்பத்திரியிலயே எல்லாம் இலவசம்."

ஆக, ஏணிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு 'ஆமாம்'.

அது வரும்வரை வயிறு சும்மா இருக்குமா? மார்பளவு உயரம்வரைக்கும் அவர் நன்றாகவே பெயின்ட் அடித்தார். ஒரு வீட்டுக்காரர், பாதிச் சுவரோடு நின்றுபோன பச்சையைப் பார்த்து முகம் சுளித்தபோது, "இப்ப இதுதான் சார் புது ஸ்டைல்" என்று சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரர் அதை நம்பி நண்பர்களிடம் பெருமையடித்து, அந்தத் தெருவில் மேலும் சில வீடுகள் பாதிச் சுவரோடு நவீனமாயின. ஆனால் சீலிங்கில் பாதி அடிக்க முடியாது. கடைசியில் மனைவிதான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலுக்கு மேல் இன்னொரு ஸ்டூல் போட்டு ஏறினார். பெயின்ட் அவர் கண்ணிலும் தலையிலும் சொட்டியது. கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த ஏணிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. சீலிங்கின் மறு மூலையைப் பார்ப்பதுபோல் அண்ணாந்துகொண்டார். இல்லாவிட்டால் கண்ணீர் கீழே வந்திருக்கும்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று மைத்துனன் வந்து சேர்ந்தான். இப்படிச் சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில் அவனுக்கிருந்த மகிழ்ச்சியை மறைக்க அவன் மிகவும் சிரமப்பட்டான். "எங்க பேரியக்கத் தலைவர்கிட்ட வாங்க மாமா. ஊசியை எதிர்த்துப் போராடறவரு. உங்களை மேடையில ஏத்திடுவாரு."

தலைவர் ஏணியைக் கண்டதும் பரவசமானார். போஸ்டரில் சிரித்தவரே நேரில் அழுதால் எப்படி இருக்கும்! ஆனால் அறிவியல் முறைப்படி முதலில் பரிசோதனை நடந்தது.

"கை மட்டும்தானா? வேற ஒண்ணும் இல்லையா? இருட்டுல உடம்பு மினுமினுங்குதா?"

"இல்லீங்க."

"காந்தம் மாதிரி ஸ்பூன் ஒட்டுதா?"

"எதுலீங்க?"

தலைவர் ஒரு ஸ்பூனை ஏணியின் தோளில் வைத்தார். அது கீழே விழுந்தது. "வேற ஸ்பூன் கொண்டு வாங்க" என்றார். அதுவும் விழுந்தது. ஒரு கரண்டியும் விழுந்த பிறகு தலைவரின் முகத்திலிருந்த பரவசம் பாதியானது.

"பரவாயில்ல. மேடையில ஏறி, ஊசியே விஷம்னு மட்டும் சொல்லிடுங்க."

"விஷம் இல்லீங்களே. எம் பொண்ணுக்கும் போட்டேன், நல்லா இருக்கா. எனக்குப் போட்ட இடம்தான் தப்பு."

"போட்ட இடம் தப்புன்னு சொல்ல ஒரு பேரியக்கம் எதுக்குங்க?" தலைவர் எழுந்துவிட்டார். "நீங்க அவங்க ஆளு!"

அவங்க ஆளு என்றால் அவர்களிடமே போவோம் என்று ஏணி ஆணையத்துக்கு மனுப் போட்டார். கூடவே ஒரு வக்கீலையும் பிடித்தார். வக்கீல் வாகன விபத்து வழக்குகளில் கரை கண்டவர். ஊசி வழக்கு இதுதான் முதல் தடவை என்றாலும் அனுபவம் எங்கே போகும்?

"எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

"வலது பக்கம் சார்."

"அப்ப ராங் சைடு. ஹாரன் அடிச்சாங்களா?"

"சிரிக்கச் சொன்னாங்க சார்."

"வண்டி நம்பர் நோட் பண்ணீங்களா?" என்று கேட்டுவிட்டு வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது, மருந்து பாட்டில் நம்பர்."

இருந்தாலும் மனிதர் நல்லவர். போஸ்டரைக் கண்டதும் துள்ளிக் குதித்தார். "இடிச்ச வண்டியோட போட்டோ, இடிக்கிற நேரத்துல, இடிச்சவங்களே எடுத்து ஊர் பூரா ஒட்டியிருக்காங்க! என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாட்சி கெடச்சதே இல்ல. கேஸ் நம்ம பக்கம்."

விசாரணைக்கு அழைப்பு வருவதற்குள் அந்த வருடம் தேய்ந்து முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. டாக்டர் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கிப் பார்த்து, போன தடவையைவிடச் சற்றுக் கீழே நிறுத்தினார். "சீக்கிரம்" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்வதில்லை.

விசாரணை நாளன்று ஏணி மூன்று மாடியும் ஏறினார். அதன் மூலம் அவருக்குக் கால் நன்றாக இருப்பது உறுதியாயிற்று. அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஆணையத் தலைவர், கனிந்த முகம். இந்தப் பக்கம் மருத்துவ உறுப்பினர், அந்தப் பக்கம் நிர்வாக உறுப்பினர். ஓரத்தில் எழுத்தர். தலைவரின் தலைக்குப் பின்னால், சுவரில், ஏணி சிரித்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் எழுந்தார். "ஐயா, சாட்சிக்கு எங்கயும் போக வேண்டாம். உங்களுக்குப் பின்னாடியே தொங்குது. ஊசி எந்த இடத்துல இருக்குன்னு திரும்பிப் பாருங்க."

"ஆணையம் திரும்பிப் பாக்கறதில்ல" என்றார் தலைவர் அன்போடு. "எடுத்த முடிவையே திரும்பிப் பாக்கறதில்ல, சுவரை எப்படிப் பாக்கும்?"

மருத்துவ உறுப்பினர் மட்டும் மரபை மீறிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பினார். ஊசியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "சிரிக்கிறாரே. வலிச்சா சிரிப்பாங்களா?"

"சிரிக்கச் சொன்னாங்க டாக்டர்" என்றார் ஏணி.

"யாராவது சொன்னா சிரிச்சிடுவீங்களா? எங்க, இப்ப சிரிங்க பாப்போம்."

பெரிய மனிதர்களுக்கு முன்னால் நிற்கிற பயத்தில் ஏணிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"மனுதாரர் சிரிச்ச முகமா இருக்கார்" என்று மருத்துவ உறுப்பினர் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டார்.

வக்கீல் ஆட்சேபித்தார். தலைவர் கையமர்த்தினார். "வக்கீல் பேசறது சாட்சியம் ஆகாது. மனுதாரரே வாயால சொல்லட்டும். நாங்க கேக்கத்தானே உக்காந்திருக்கோம். உறுதிமொழி வாங்குங்கப்பா."

எழுத்தர் எழுந்து கம்பீரமாக முழங்கினார். "மனுதாரர் வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, நான் சொல்வதெல்லாம் உண்மை என்று கூறவும்."

ஏணி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் ஏணியின் கையைப் பார்த்தார்.

"தூக்க முடியாதுங்க. அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

"அதைத்தான் உறுதிமொழி எடுத்த பிறகு சொல்லுங்கன்னு சொல்றோம்" என்றார் தலைவர். "உறுதிமொழி எடுக்காம, கை தூக்க வராதுன்னு சொன்னா நாங்க எப்படி நம்பறது?"

"உறுதிமொழி எடுக்கக் கையைத் தூக்கினா, தூக்க வராதுன்னு சொல்றதை எப்படிங்க நம்புவீங்க?"

"குழப்பாதீங்க. ஒவ்வொண்ணா வருவோம்."

"இடது கையைத் தூக்கட்டுங்களா?"

மூவரும் தலைகளைக் கூட்டி ஆலோசித்தார்கள். "இடது கையைத் தூக்கிச் சொல்ற உண்மையை ஆணையம் இதுவரைக்கும் ஏத்துக்கிட்டதில்ல" என்று தலைவர் வருத்தத்தோடு அறிவித்தார்.

விசாரணை அங்கேயே நின்றுபோயிருக்கும். உறுதிமொழி எடுக்க மறுத்தவர் என்று மனுவைத் தள்ளியிருப்பார்கள். ஆனால் கருணை ஆணையம் அல்லவா? நிர்வாக உறுப்பினர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஓர் ஒளிக்கீற்றைக் கண்டுபிடித்துவிட்டார். "கை உயர்த்தப்பட வேண்டும்னுதான் இருக்கு. யார் உயர்த்தணும்னு இல்ல!"

சட்ட அறிவும் மனிதாபிமானமும் இப்படி ஒருசேர ஒரு தலைக்குள் வாழ்வது அபூர்வம். உடனே வெளியிலிருந்து பியூனைக் கூப்பிட்டார்கள். மேஜை, பீரோ எல்லாம் ஒற்றை ஆளாகத் தூக்கி நகர்த்துகிற பியூன். அவருக்கும் விஷயம் புரிந்து முகம் சுண்டியது. "மன்னிச்சுக்குங்கண்ணே, சொல்றாங்க" என்று காதோடு சொல்லிவிட்டு, ஏணியின் வலது கையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார்.

ஏணி போட்ட அலறலில் ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்துபோயின. "ஐயோ, விடுங்கய்யா! உசிரு போகுதே, விடுங்கய்யா!" என்று மனைவி ஓடிவந்து பியூனின் கையில் அடித்தார். பியூன் அதற்கு முன்பே விட்டுவிட்டிருந்தார். ஏணி நாற்காலியில் சுருண்டு, தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

'உறுதிமொழி உரத்த குரலில் எடுக்கப்பட்டது' என்று எழுத்தர் பதிவு செய்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் மருத்துவ உறுப்பினர். "கை முழு உயரத்துக்குப் போச்சு. என் கண்ணால பாத்தேன்."

"அதுவா போகலையே சாமி! அந்த ஆளு இழுத்தாரு!" என்றார் மனைவி.

"போச்சா, போகலையாங்கறதுதான் எங்க கேள்வி. எப்படிப் போச்சுங்கறது வேற துறைம்மா."

அதற்குமேல் அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. வக்கீல் கையைப் பிடித்து இழுத்ததையும் உதறிவிட்டு மேஜைக்கு முன்னால் போய் நின்றார். "காசு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இவரு யாரையும் குத்தம் சொல்ல வரல. ஊசி தப்புன்னு சொல்லச் சொல்லி ஒரு கூட்டமே கூப்பிட்டுச்சு, போகல. 'ஆமா, இவருக்கு நடந்துடுச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அத எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிடறோம். இந்த மாசம் போனா இந்தக் கை போச்சுங்கய்யா. இந்தக் கைதாங்க எங்க குடும்பம்."

எழுத்தர்கூட எழுதுவதை நிறுத்தினார். தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரத்தில் ஒற்றிக்கொண்டார். அது நடிப்பல்ல, அவருக்கு எந்த விசாரணையிலும் கண் கலங்கும்.

"ஆணையம் கல்நெஞ்சு இல்லம்மா. ஆனா கருணையை ஒருத்தரே தனியா முடிவு பண்ணிடக் கூடாது. வாக்கெடுப்பு வெச்சுடறேன்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மனுதாரருக்குப் பாதிப்பு ஏற்பட்டிருக்குன்னு கருதற உறுப்பினர்கள் கையைத் தூக்கலாம்."

மின்விசிறி சுற்றியது. நிர்வாக உறுப்பினரின் கைகள் டீ டம்ளரைச் சுற்றி வளைத்திருந்தன. தலைவரின் கைகள் மேஜைமேல் கோத்தபடி இருந்தன. மருத்துவ உறுப்பினரின் வலது கை அசைந்தது. ஏணியின் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை மேஜையைவிட்டு எழும்பியது, மார்பைத் தாண்டியது, முகம்வரைக்கும் வந்தது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மறுபடி கீழே இறங்கிவிட்டது.

"வேற யாரும் இல்லையே?" என்று தலைவர் முறைப்படி கேட்டார். வேறு யாரும் இல்லை. வக்கீல் கோப்பை மூடினார். மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏணி மட்டும் நாற்காலியில் இருந்தபடியே மேஜைமேல் கிடந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. தன்னைப்போல் கஷ்டப்படுகிறவர்களைக் கண்டால் வருகிற இரக்கம்தான் அவர் முகத்தில் இருந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"தாராளமா" என்றார் தலைவர்.

"எனக்கு ஒரு கைதாங்க தூக்க வரல. உங்க மூணு பேருக்கும் ரெண்டு கையுமே வரலையே... உங்களுக்கெல்லாம் எந்த முகாம்லங்க ஊசி போட்டாங்க?"